கடைசி ஆள் கணேசபாண்டியன்

நடைபாதையில் அந்தக் காலடித் தடம் சிவப்பாக இருந்தது.

கேஷவ் குனிந்து பார்த்தான். வெறும் கால். குதிகால், பாதத்தின் விளிம்பு, ஐந்து விரல். அதற்கப்புறம் இன்னொன்று. அதற்கப்புறம் இன்னொன்று. மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் இன்னும் விடியவில்லை. தெருவிளக்கின் வெளிச்சத்தில் தடங்கள் வரிசையாகப் போய், ஒரு சிமெண்டு பெஞ்சின் முன்னால் நின்றுவிட்டன.

பெஞ்சில் ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான். கறுப்பு அரைக்கால் சட்டை, கறுப்பு பனியன், கழுத்தில் துளசி மாலை, முகம் நிறைய தாடி.

"சாமி! கால்ல என்ன ரத்தம்?"

கணேசபாண்டியன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தான். சிரித்தான்.

"ரத்தம் இல்ல சாமி, மையி. நீங்க அடிக்கக் குடுத்த பனியனுக்குக் கலக்குன சிவப்பு. நேத்து பட்டறையில டப்பா கவுந்துட்டு. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சும் போவ மாட்டேங்கு."

கேஷவ் மூச்சை விட்டான். ஆனால் முகம் இளகவில்லை. மை போய்விடும். அந்த வெறுங்கால் போகாதே!

கேஷவ் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரன். விளம்பரக் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டக் குழு ஒன்றுக்குத் தலைவன். கணேசபாண்டியன் தாராவி, தொண்ணூறு அடி ரோடு. பனியனிலும் பையிலும் எழுத்து அச்சடிக்கிற பட்டறையில் கைதேர்ந்த ஆள். பிள்ளைப்பிராயம் முதல் வருடம் தவறாமல் சபரிமலைக்கு மாலை போடுகிறவன். மாலை போட்டால் மலைக்குப் போய்த் திரும்பும் வரை காலில் செருப்பு கிடையாது. ஷூவும் கிடையாது.

"முப்பது கிலோமீட்டர், சாமி. வெறுங்கால்ல. நடுவுல ஒரு கண்ணாடிச் சில்லு போறும். உங்களை நம்பி வர்றவாளோட கதி?"

"கண்ணு இருக்குல்லா சாமி, பாத்துதான் வைப்பேன். எருமேலியில இருந்து காட்டு வழியா நடக்கிற காலு இது. ரேஸ் அன்னைக்கு ஷூ போட்டுக்கிடுதேன். ஜோதி பாத்துட்டு வந்து, மாலையக் கழட்டிட்டுத்தானே ரேஸ்!"

ஜனவரியில் மாரத்தான். அதில் 'பஸ்' என்று ஒன்று உண்டு. சக்கரம் கிடையாது. ஒரே நேரத்தில் முடிக்க விரும்புகிறவர்கள் கூட்டமாக ஓடினால் அது பஸ். கொடி பிடித்து, வேகம் கூடாமல் குறையாமல் அவர்களைக் கூட்டிப்போகிறவன் பேஸர். பஸ்ஸின் டிரைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஷவ் குழுவில் பல பஸ்கள். அதில் கடைசி பஸ்ஸுக்குத்தான் டிரைவர் இல்லை.

கடைசி பஸ் என்றால் மெதுவாக ஓடுகிறவர்களின் பஸ். அதற்கும் பின்னால் நிஜமான பஸ் ஒன்று வரும், டீசல் புகையோடு. நேரத்துக்கு முடிக்க முடியாதவர்களை அள்ளி ஏற்றிக்கொண்டு போக. போன வருடம் கடைசி பஸ்ஸின் டிரைவர் கொடியைத் தூக்கிக்கொண்டு தன் வேகத்தில் பறந்துவிட்டான். அவனை நம்பியவர்களில் ஐந்து பேரை நிஜ பஸ் அள்ளியது.

"உங்க காலுக்கு நீங்க எவ்வளவோ முன்னாடி ஓடலாம். கடைசி பஸ்தான் வேணும்னு ஏன் அடம்?" கேஷவ் கேட்டான்.

"மலைக்குப் போறப்ப எங்க குழுவுக்கு நான் குருசாமி. கூட்டிட்டுப் போன ஆள்ல ஒருத்தர விட்டுட்டு வந்தேன்னு இதுவரைக்கும் பேச்சு கிடையாது. அந்தக் கொடி எனக்கு வேணும் சாமி."

கேஷவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த மஞ்சள் கொடியை எடுத்து நீட்டினான்.

"இன்னிக்கு ஒரு நாள் உங்களுது. செம்பூர் வரைக்கும் ரெண்டு சுத்து. ஒம்பது மணிக்குள்ள, கிளம்பின அத்தனை பேரும் ஒண்ணா இங்க வரணும். ஒருத்தர் குறைஞ்சாலும் கொடி வேற ஆளுக்கு. சம்மதமா?"

"சாமி சரணம்" என்றான் கணேசபாண்டியன். கொடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சம்மதம் சொல்லிவிட்டான். ஆனால் உள்ளுக்குள் ஒரு கவலை. காரணம் கேஷவ் இல்லை. விஜயராணி.

அன்று வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவன் மனைவி விஜயராணி வாசலில் வழிமறித்தாள். விரத காலத்தில் வீட்டிலும் அவன் சாமிதான்.

"சாமி, கொடி இன்னைக்கே கையில குடுத்துருவாவளா?"

"ஜெயிச்சாத்தான்."

"அதென்ன ஜெயிச்சாத்தான்? நான் பீவி அக்காட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"ஜனவரியில டிவியில கொடியோட முன்னால வாராவ, பாத்துக்கிடுங்கன்னு."

பக்கத்து வீட்டு பீவியிடம் சொன்னால் தொண்ணூறு அடி ரோட்டுக்கே சொன்ன மாதிரி. மைக் செட் வேண்டாம்.

"ஒம்பது மணிக்கு நானும் பீவி அக்காவும் அங்க வந்து நிப்போம். சுக்குக்காப்பி கொண்டாரேன். கொடிய மட்டும் கைய விட்டு எறக்கிராதீய, சொல்லிட்டேன்" என்றாள் விஜயராணி.

பஸ் கிளம்பியது.

பன்னிரண்டு பேர், டிரைவரைச் சேர்க்காமல். அதில் மூன்று பேரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

வந்தனா. மாட்டுங்கா. வங்கியில் மேனேஜர், ஐம்பதைத் தாண்டியவர். போன வருடம் நிஜ பஸ் அள்ளிய ஐந்து பேரில் ஒருவர். பெடர் ரோடு ஏற்றத்தில் அது பக்கத்தில் வந்து நின்று கதவைத் திறந்தது. "ஆயியே மேடம்" என்று ஒரு குரல் மரியாதையாகக் கூப்பிட்டது. அந்த மரியாதையை அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

சுரேந்திரன். கம்ப்யூட்டர் கம்பெனி, வீடு நெருளில். வேகமான கால். முழங்கால் வலி வந்து, டாக்டர் மெதுவாக ஓடச் சொன்னதால் கடைசி பஸ்ஸுக்கு வந்தவன். டாக்டர் சொன்னது அவனுக்குப் புரிந்துவிட்டது. காலுக்கு இன்னும் புரியவில்லை.

பரீஹா. தாராவிப் பெண். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஓடிக்கொண்டே பேசுவாள். பேச்சை நிறுத்தினால்தான் அவளுக்கு மூச்சு வாங்கும்.

முதல் நாள் பயிற்சியில் கணேசபாண்டியன் பழக்கதோஷத்தில் சரணம் விளித்தான். பரீஹாதான் சொன்னாள், "அண்ணாச்சி, அது உங்க மலைக்கு. பஸ்ஸுக்குன்னு ஒண்ணு போடுங்க, நாங்களும் கத்துவோம்ல!" அன்றைக்குப் பிறந்ததுதான் இது:

"காலு?" என்பான் கணேசபாண்டியன்.

"இருக்கு!" என்று பஸ் முழுக்கக் கத்தும்.

"மூச்சு?"

"இருக்கு!"

"சயான்?"

"வரட்டும்!"

மூன்றாவது கேள்வி எப்போதும் அடுத்து வரும் இடத்தின் பெயர். அன்றும் அப்படித்தான். கிங்ஸ் சர்க்கிளில் பூக்கூடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சயானில் டாக்சிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் பதறி எழுந்து, மஞ்சள் கொடியையும் கறுப்புச் சட்டைத் தாடிக்காரனையும் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டார்.

முதல் சுற்று பட்டுப்போல முடிந்தது. செம்பூர் டயமண்ட் கார்டனில் இடதுபுறம் திரும்பி, உள்தெருக்களைச் சுற்றி, சயான் வழியாக ஃபைவ் கார்டன்ஸ். கேஷவ் கடிகாரத்தைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். பஸ் நிற்காமல் வளைந்து மறுபடி செம்பூருக்குக் கிளம்பியது.

விபரீதம் இரண்டாவது சுற்றில் காத்திருந்தது.

மலைப் பாதையில் கணேசபாண்டியன் குழுவுக்கு ஒரு வழக்கம். முதல் தடவை வருகிற கன்னிசாமி முன்னால். பழகினவர்கள் நடுவில். குருசாமி கடைசியில். கரிமலை ஏற்றத்தில் யார் உட்கார்ந்தாலும், யாருக்குக் கால் பிசகினாலும், குருசாமியின் கண்ணில் படாமல் பின்தங்க முடியாது. முன்னால் போகிறவர்களைப் பற்றிக் கவலையில்லை. காட்டில் வழி ஒன்றுதான்.

செம்பூர் காடு இல்லை.

சயான் தாண்டியதும் வந்தனாவின் காலடிச் சத்தம் மாறியது. தட் தட் என்று விழுந்த ஷூ தரையை உரச ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கணேசபாண்டியனின் காதுக்கு வந்தது. காதிலிருந்து நேரே காலுக்குப் போய்விட்டது. அவனைக் கேட்காமலே கால் வேகத்தைக் குறைத்தது. ஒருவர் தாண்டிப் போனார். இன்னொருவர் போனார். சுரேந்திரன் காற்றாகப் போனான். ஏழு பேர் போனார்கள். எப்போதும் மலையில் நடக்கிற இடத்துக்கு, எல்லோருக்கும் பின்னால், வந்தனாவுக்கு ஓர் அடி பின்னால் வந்து சேர்ந்த பிறகுதான் கணேசபாண்டியனுக்கு நிம்மதியாக இருந்தது.

கையில் கொடி இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

டயமண்ட் கார்டன் வந்தது. விடிந்து வெகுநேரமாகியிருந்தது. பால் வண்டி, பேப்பர்க் கட்டு, நாயோடு நடக்கிறவர்கள் என்று ரோடு நிறைந்திருந்தது. பஸ்ஸின் முன்பாதியைத் தவிர எல்லாம் இருந்தது.

பரீஹாதான் முதலில் நின்றாள். "அண்ணாச்சி, இடதுபக்க ரோட்டுல கடைசி வரைக்கும் தெரியுது. நம்ம ஆளு ஒருத்தரையும் காணோம்!"

கணேசபாண்டியன் நிமிர்ந்தான். கையைப் பார்த்தான். கொடியைப் பார்த்தான்.

வந்தனா இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்துச் சுரேந்திரனுக்குப் போட்டார். கணேசபாண்டியன் வாங்கிக் காதில் வைத்தான்.

"சுரேந்திரா, எங்க இருக்கிய?"

"முன்னாடிதான் அண்ணாச்சி. நீங்க கொஞ்சம் பின்னாடி வர்றீங்க போல. கொடியைக் காணோமேன்னு பார்த்தேன்."

"டயமண்ட் கார்டன்ல இடதுபக்கம் திரும்புனியளா?"

ஒரு லாரியின் ஹாரன் மட்டும் கேட்டது.

"அண்ணாச்சி… மான்குர்டுன்னு போர்டு தெரியுது."

நேரே போனால் மான்குர்டு. அப்புறம் வாஷி பாலம். பாலத்தைத் தாண்டினால் சான்பாடா, அதற்கடுத்து நெருள்.

"நேரா வீட்டுக்குக் கிளம்பிட்டியளோ?"

"தினமும் ஆபீஸ் விட்டுப் போற வழி அண்ணாச்சி. கால் தானா போயிடுச்சு. மத்தவங்க என் பின்னாடியே வந்துட்டாங்க. ஸாரி."

"உங்க காலு வீட்டுக்குப் போச்சு. என் காலு மலைக்குப் போச்சு. கொடி முன்னால இருந்திருந்தா நீங்க ஏன் தப்பப் போறிய? தப்பு என்னுது. அங்கேயே திரும்புங்க, எதிர்த்தாப்புல வாரேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தான். நின்றால் ஒன்பது மணி கைவிட்டுப் போகும். நிற்காமல் போனால் ஏழு பேர் போவார்கள்.

"விடுங்க அண்ணாச்சி, அவங்க வேகமா ஓடுறவங்க. தானா வந்துருவாங்க" என்றாள் பரீஹா.

"அதுல ரெண்டு பேருக்கு இந்த ஏரியாவே தெரியாதும்மா. தனித்தனியா வந்து சேந்தா அது பஸ்ஸா? சந்தைக்கூட்டம்."

ஒரு விநாடிதான் யோசித்தான். கொடியை வந்தனாவின் பக்கம் நீட்டினான்.

"மாமி, பிடிங்க."

வந்தனா பின்வாங்கினார். "நானா? நன்னாருக்கே! இருக்கறதுலயே மெதுவா ஓடறவ நான்தான்."

"அதுக்குத்தான் குடுக்கேன். நீங்க முன்னால போனா உங்கள விட்டுட்டு யாரும் போக முடியாதுல்லா? உங்க வேகம்தான் இப்ப பஸ்ஸோட வேகம்."

"சாமி, இது உங்க கொடி. உங்க ஆத்துக்காரி அங்க வந்து காத்துண்டிருப்பா."

கணேசபாண்டியனின் கை ஒரு கணம் தயங்கியது. பீவி அக்காவின் முகம், அதற்குப் பின்னால் தொண்ணூறு அடி ரோட்டின் முகங்கள் எல்லாம் ஒரு தரம் கண்ணுக்குள் வந்து போயின. விஜயராணியின் முகம் மட்டும் போகாமல் நின்றது.

"கொடி பஸ்ஸுக்குள்ளது மாமி" என்றான். வந்தனாவின் விரல்களைப் பிடித்துக் கம்பில் வைத்து மூடினான். "நிக்காதீங்க. திரும்பிப் பாக்காதீங்க. பின்னால என் குரல் கேக்கும்."

சொல்லிவிட்டு மான்குர்டு ரோட்டில் பாய்ந்தான். வெயில் விழ ஆரம்பித்திருந்த தாரில் வெறுங்கால்கள் சத்தமே இல்லாமல் மறைந்தன.

வந்தனா ஓடினார்.

பின்னால் பரீஹாவும் இன்னும் மூன்று பேரும். செம்பூரின் மரத்தடித் தெருக்களில் சமாளித்துவிட்டார். சயான் சாலைக்கு வந்ததும் நிழல் போயிற்று. கொடிக்கம்பு மூங்கில்தான். ஆனால் இரும்பாகக் கனத்தது. தொடையில் யாரோ ஈரச்சாக்கைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது.

"மாமி, நீங்க பாங்க்ல யாரையாவது திட்டுவீங்கல்ல, அது மாதிரி காலைத் திட்டுங்க" என்றாள் பரீஹா.

"திட்டியாச்சுடி. லீவு அப்ளை பண்ணிட்டுப் படுத்துண்டுடுத்து."

சயான் ஸ்டாப்புக்கு வரும்போது ஓட்டம் நடையாகிவிட்டது. நடையும் தளர்ந்தது. சரியாக அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு சிவப்பு பஸ் வந்து நின்றது. சாதாரண டவுன் பஸ். கதவு வந்தனாவுக்கு நேராகத் திறந்தது. கண்டக்டர் ஸ்டாப்பில் நின்றவர்களைப் பார்த்துக் கூவினார்.

"சலோ சலோ, கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா, தாதர்!"

கண்டக்டரின் பார்வை, வியர்வையில் நனைந்து கொடியோடு நின்ற வந்தனாவின் மேல் விழுந்தது. பாவம், அவருக்கு இரக்கம்.

"ஆயியே மேடம்."

அதே வார்த்தை!

உள்ளே ஜன்னலோரம் ஒரு சீட் காலியாக இருந்தது. மின்விசிறிகூட இருக்கலாம். வந்தனாவின் கொடி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

எங்கோ வெகு பின்னால், ஹாரன்களுக்கு நடுவே, ஒரு குரல் கேட்டது.

"காலு…?"

வந்தனா திரும்பவில்லை. திரும்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தான். பக்கத்தில் பரீஹா கிறீச்சிட்டாள், "இருக்கு!"

"மூச்சு…?" குரல் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது.

"இருக்கு!" இந்த முறை ஐந்து பேரும் கத்தினார்கள். அதில் தன் குரல்தான் உரக்க இருந்தது என்பது வந்தனாவுக்கே ஆச்சரியம்.

"கிங்ஸ் சர்க்கிள்…?"

வந்தனா கண்டக்டரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"நஹி பையா. அப்னா பஸ் பீச்சே ஆ ரஹா ஹை."

எங்கள் பஸ் பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, கொடியை நெஞ்சுக்கு மேலே தூக்கி அடியெடுத்து வைத்தார். "வரட்டும்!"

ஃபைவ் கார்டன்ஸில் கேஷவ் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தான். ஒன்பதாக இன்னும் சில நிமிடங்கள்தான். பூங்காவின் இரும்பு வேலியோரம் விஜயராணி நின்றிருந்தாள், கையில் பெரிய பிளாஸ்க். பக்கத்தில் பீவி, தலையில் முக்காடு, கையில் வறுகடலை.

"ஏளா, மணி ஒம்பதாவப் போவுது. உன் சாமி மலைக்கே போயிட்டாரோ?"

"வந்துருவாவ அக்கா. சும்மா இருங்க."

தெருக்கோடியில் மஞ்சளாக ஏதோ அசைந்தது.

"அந்தா கொடி!" விஜயராணி பிளாஸ்க்கோடு ரோட்டில் குதித்தாள். "அக்கா, கொடி வருது! சொன்னேன்லா!"

பீவி நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். வறுகடலை மெல்வது நின்றது.

"கொடி வருதுளா. பிடிச்சிட்டு வாரது யாரோ மாமியில்லா?"

விஜயராணியின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. கறுப்புச் சட்டையைக் காணோம். தாடியைக் காணோம். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் சிவந்த முகத்தோடு கொடியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

"அவுகளுக்கு என்னமும் ஆயிட்டா?" என்று கேஷவின் பக்கம் திரும்பினாள். "கொடி ஏன் அந்தம்மா கையில இருக்கு? சொல்லுங்க சார்!"

கேஷவ் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான். வந்தனா. பரீஹா. அவர்களுக்குப் பின்னால் மூன்று பேர். அவர்களை ஒட்டி இன்னும் ஆட்கள் வளைவில் திரும்பினார்கள். ஏழு, எட்டு, ஒன்பது. யாரும் கொடியைத் தாண்டவில்லை. தாண்டத் தெம்பிருந்தவர்களும் தாண்டவில்லை. பன்னிரண்டாவதாகச் சுரேந்திரன், முழங்காலில் கை வைத்துக்கொண்டு.

அதற்கப்புறம் குரல் வந்தது. ஆள் வருவதற்கு முன்னாலேயே வந்தது.

"ஃபைவ் கார்டன்ஸ்?"

"வந்தாச்சு!" என்று பன்னிரண்டு பேரும் கத்தியதில் மரத்தில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

கணேசபாண்டியன் கடைசியில் வந்தான். தொண்டை கட்டியிருந்தது. மாலை வியர்வையில் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. சுரேந்திரன் எல்லைக்கோட்டைத் தாண்டும் வரை காத்திருந்து, அப்புறம் தாண்டினான்.

கேஷவ் கடிகாரத்தை நிறுத்தினான். ஒன்பது ஆகவில்லை.

"நேரம் சரி. ஆளும் சரி" என்றான். குரல் இறுகியிருந்தது. "கொடி ஏன் உங்க கையில இல்லை?"

வழியில் ஒரு பொய் யோசித்திருக்கலாம். கணேசபாண்டியனுக்கு நேரம் இல்லை, பழக்கமும் இல்லை.

"பஸ்ஸோட முன்பாதியத் தொலைச்சிட்டேன் சாமி. மலை ஞாவகத்துல கொடியோட பின்னால போயிட்டேன். ஏழு பேரு மான்குர்டுக்குப் போயிட்டாவ. மாமிகிட்ட கொடியக் குடுத்துட்டு, போயி கூட்டிட்டு வந்தேன்."

"கொடி பிடிக்கறவன் முன்னாடி இருக்கணும். அதுதான் பேஸர்."

"ஆமா சாமி. முன்னால எனக்கு ஓடத் தெரியல. காலு பின்னாலதான் போவுது."

சொல்லிவிட்டு நிமிர்ந்தே நின்றான். விஜயராணி பிளாஸ்க்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பீவி வாயைத் திறந்தாள். நல்லவேளை, அதற்குள் வந்தனா முந்திக்கொண்டார்.

"கேஷவ், போன வருஷம் கொடி முன்னாடிதான்டா போச்சு. எவ்வளவு முன்னாடின்னா, என் கண்ணுக்கே தெரியலை." மூச்சு வாங்கியது. விடவில்லை. "இன்னிக்கு கொடி என் கையில. இவர் எனக்குப் பின்னாடி. நடுவுல இத்தனை பேர். நான் நின்னுபோறதுக்கு இடம் ஏது, சொல்லு!"

"நானும் சொல்றேன்" என்றான் சுரேந்திரன். "டிரைவர் பின்னாடி இருந்தா எனக்கு வேகம் வராது. பின்னாடியிருந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுறார். வெட்கமா இருக்கு."

"அரே கேஷவ் பாய், டிரைவர் எங்க உக்காந்தா என்ன? பஸ் வந்துச்சா இல்லையா?" என்றாள் பரீஹா.

கேஷவ் தரையைப் பார்த்தான். காலையில் சிவப்புத் தடங்கள் இருந்த இடத்தில், இப்போது கணேசபாண்டியனின் ஈரக் கால்கள் பதிந்திருந்தன. வெறும் வியர்வை.

"மை என்ன ஆச்சு?"

"செம்பூர் ரோடு தேச்சு எடுத்துட்டு சாமி. மண்ணெண்ணெய்க்கே போவல, ரோட்டுக்குப் போயிட்டு."

கேஷவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பைக்குள் கைவிட்டு ஒரு பனியனை எடுத்து உதறினான். வெள்ளைப் பனியன். முதுகில் சிவப்புக் கொட்டை எழுத்தில் 'பேஸர்'. நேற்று கணேசபாண்டியன் தன் கையாலேயே அச்சடித்தது.

"எழுத்து முதுகுல இருக்கே சாமி. நீங்க பின்னாடி ஓடினா முதுகை யார் பாக்கறது? தெரு நாய்தான் பாக்கும்."

"நீங்கதானே முதுகுல அடிக்கச் சொன்னிய?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

பனியனை முன்பின்னாகத் திருப்பினான். கணேசபாண்டியனின் தலை வழியாக அவனே மாட்டிவிட்டான். எழுத்து நெஞ்சில் வந்து உட்கார்ந்தது, அதன் மேல் துளசி மாலை. யார் திரும்பிப் பார்த்தாலும் இனிமேல் தெரியும்.

"ரேஸ் அன்னிக்குக் கொடி வந்தனா கையில. பஸ் உங்களுது. மலைக்குப் போய்ட்டுப் பத்திரமா வாங்கோ."

பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள். கணேசபாண்டியன் கூட்டத்தைத் தாண்டி ஒரே ஒரு முகத்தைத் தேடினான். விஜயராணி அவனைப் பார்க்கவில்லை. அவன் நெஞ்சில் இருந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தாடை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது.

பீவி சீண்டினாள். "ஏளா, கொடியோட முன்னால வாராவன்ன. டிவியில கடைசி ஆளாயில்லா காட்டப்போறான்?"

"காட்டட்டும் அக்கா" என்றாள் விஜயராணி, நாலு பேருக்குக் கேட்கும்படி. "முன்னால வாரவன் வந்தா அவன் ஒருத்தன் வந்தான்னு அர்த்தம். எங்க வீட்டு ஆளு வந்தா எல்லாரும் வந்துட்டாவன்னு அர்த்தம். தொண்ணூறு அடி ரோட்டுல போயி அப்படியே சொல்லுங்க."

பீவி யோசித்தாள். வறுகடலையை வாயில் போட்டாள். "நல்லாத்தான் இருக்கு. அப்படியே சொல்லிப்புடுதேன்."

விஜயராணி பிளாஸ்க்கைத் திறந்தாள். சுக்கு வாசனை எழுந்தது. முதல் டம்ளரைக் கணவனிடம் நீட்டினாள்.

"சாமி, குடிங்க."

"மொதல்ல மாமிக்கு. பொறவு அவுகளுக்கு எல்லாம் ஊத்து."

டம்ளர் வந்தனாவிடம் போயிற்று. பரீஹாவிடம் போயிற்று. சுரேந்திரன் வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்தான். கணேசபாண்டியனின் முறை வந்தபோது விஜயராணி பிளாஸ்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அரை டம்ளர்தான் தேறியது.

"கடைசி ஆளுக்கு இவ்வளவுதான்" என்று நீட்டினாள்.

அவன் அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்தான்.